முதலில் ‘டோ’ எடுங்கள்

எங்கள் பாடகர் குழுவை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்திய மாஸ்டர் போன மாதம் காலமானார். அடக்க ஆராதனையில் பேசியவர்கள் எல்லாரும் அவருடைய குரலைப் புகழ்ந்தார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. அவர் குரல் சாதாரணமானது, கொஞ்சம் கரகரப்புகூட உண்டு. அவருடைய பெருமையெல்லாம் காதில் இருந்தது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஆல்டோ, அதாவது பெண்குரலில் தாழ்ந்த பகுதி பாடுபவள். பாடகர் குழுவில் இருந்தவர்களுக்குத் தெரியும், ஆல்டோவின் பாடு என்னவென்று. மெட்டு முழுவதும் மேல்குரலான சோப்ரானோவுக்குப் போய்விடும். நமக்கு ஒரே சுரத்தில் ஏழெட்டு அசை, ஒரு படி இறக்கம், மறுபடி பழைய இடம். வீட்டில் தனியாகப் பாடினால் அம்மாவுக்கு அது பாட்டாகவே தெரியாது. பதின்மூன்று வயதில் அழுதுகொண்டே போய், “என்னைச் சோப்ரானோவுக்கு மாற்றுங்கள் சார்” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அன்று நான்கு குரலும் சேர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போது ஆல்டோவை மட்டும் கையமர்த்தினார். பாட்டு நிற்கவில்லை. ஆனால் நடுப்பலகையை உருவிய பெஞ்சு மாதிரி ஆகிவிட்டது. “கேட்டாயா?” என்றார். அவ்வளவுதான். அதன் பிறகு நான் மாற்றச் சொல்லிக் கேட்டதே இல்லை.

சனிக்கிழமைகளில் சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டுக்குப் போவார். பஸ் டிக்கெட் அவர் சொந்தக் காசு. அங்கே ஒரு சிறிய ஆலயத்தில் காப்பித் தோட்டத் தொழிலாளர்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார். கிறிஸ்துமஸ் பயிற்சி நடக்கிற அதே நாட்களில்தான் பழம் பறிப்பும். பறித்ததை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, பிசுபிசுத்த கையைக் கழுவிக்கொண்டு, பனியில் நடுங்கியபடி வருவார்கள். ஐந்து கோட்டு இசைக்குறிப்பு அவர்களுக்குத் தெரியாது. மாஸ்டர் கையிலேயே பாட்டைக் காட்டுவார். மூடிய முஷ்டி ‘டோ’, நம் ‘ஸ’ மாதிரி முதல் சுரம். தரைக்கு மட்டமாக நீட்டிய உள்ளங்கை ‘மி’. தன் முகம் பார்த்துத் திரும்பிய உள்ளங்கை ‘சோ’. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜான் கர்வென் என்ற போதகர் பரப்பிய டோனிக் சோல்ஃபா முறை அது. மிஷனரிமார் வழியாக நம் சபைகளுக்கு வந்தது. ‘டோ’ எடுக்காமல் யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். முதலில் எல்லாரும் முனகி ஒரே சுரத்தில் வந்து நிற்க வேண்டும், பிறகுதான் பாட்டு.

தஞ்சாவூர்க் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளை நான்கு குரலாக உடைக்க விடமாட்டார். அவை ராகத்தில் ஒற்றைக் கோடாகப் போக வேண்டியவை என்பார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் காஸ்பல் பாடல்களையும் அவர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 1932இல், அப்படிப்பட்ட பாடல்களை எழுதிய தாமஸ் டார்சி சிகாகோவிலிருந்து செயின்ட் லூயிஸுக்குப் பாடப் போயிருந்த இடத்தில், பிரசவத்தில் மனைவி இறந்த செய்தி தந்தியில் வந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில்தான் ஆண்டவரே என் கையைப் பிடியும் என்று மன்றாடும் பாட்டை அவர் எழுதினார். இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர், “இதை அழகாகப் பாட வேண்டாம். விழுந்தவன் கை நீட்டுகிறான். அது கேட்டால் போதும்” என்பார்.

இப்போது பல சபைகளில் ஒரு கீபோர்டு, அதில் ஏற்றிவைத்த தாளம், நான்கு மைக். பயிற்சிக்கு ஆள் வருவதில்லை, பாடகர் குழு எதற்கு என்று கமிட்டியில் கேட்கிறார்கள். எனக்குக் கோபம் வருகிறது. பக்கத்தில் நிற்பவரின் குரலைக் கேட்டுத் தன் குரலை அடக்கிக்கொள்ளப் பிள்ளைகள் வேறு எங்கே பழகுவார்கள்? ஸ்பீக்கர் வாங்கப் பணம் இருக்கிறது. பாட்டு வாத்தியாருக்குச் சம்பளம் என்றால் மட்டும் “ஊழியம்தானே” என்கிறோம். மாஸ்டரிடமும் அப்படித்தான் சொன்னோம். ஆண்டுக்கு ஒரு சால்வை போர்த்தினோம். அத்தனையும் அவர் வீட்டு பீரோவில் மடிப்புக் கலையாமல் இருக்கின்றன. அடக்கத்தன்று நான் பார்த்தேன். வாரத்தில் ஒரு மாலையைப் பயிற்சிக்கென்று ஒதுக்குங்கள். சொல்லிக்கொடுப்பவருக்கு மாதச் சம்பளம் கொடுங்கள். கேட்பது இவ்வளவுதான்.

கடைசியில் பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்துக்கொண்டது. மருத்துவமனையில் குரலுக்கு ஒருவராக நாங்கள் நான்கு பேர் கட்டிலைச் சுற்றி நின்று டார்சியின் பாட்டைத் தொடங்கினோம். முதல் வரி முடிவதற்குள் இடது கையைத் தூக்கினார். வலிக்கிறதோ என்று பயந்து நிறுத்திவிட்டோம். விரல்கள் மெல்ல மெல்ல மடங்கின. மூடிய முஷ்டி.

சுருதி எடுக்காமலே பாட ஆரம்பித்திருந்தோம். டெனர் பாடும் தம்பி சன்னமாக முனகி ‘டோ’ கொடுத்தான். நால்வரும் அதில் வந்து நின்ற பிறகு கையை இறக்கினார். முதலிலிருந்து பாடினோம்.