பேனரில் முப்பத்தெட்டுத் தலைகள், தங்கராஜ் மட்டும் இல்லை

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கரையில்தான் கிடக்கும். கையில் காசு இருக்காது, ஆனால் நேரம் இருக்கும். அதனால் எங்கள் கரையில் கால்பந்து ஆடுவதும் இந்த இரண்டு மாதத்தில்தான். உவர் மண்ணில் சீமைக்கருவேலத்தை வெட்டி ஒதுக்கி, சவுக்குக் கம்பு நட்டு, கிழிந்த வலையைக் கட்டிவிட்டால் கோல் கம்பம் தயார். ஏழு பேர் அணி. சாயங்காலம் நான்கரைக்குத் தொடங்கினால் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை ஆட்டம். இருபது வருடமாக அந்த மைதானத்தில் விசில் ஊதுகிறவன் நான். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன், வயிற்றெரிச்சலோடு.

இந்த வருடப் பேனர் பஸ் நிறுத்தத்தில் ஏறிவிட்டது. இருபதடி நீளம். மேலே அர்ஜென்டினாக்காரர், போர்ச்சுகல்காரர், பிரேசில்காரர். நடுவில் கைகூப்பிய கட்சிக்காரர்கள். கீழே கறுப்புக் கண்ணாடி போட்ட எங்கள் ஊர்ப் பிள்ளைகள். நின்று எண்ணினேன். முப்பத்தெட்டுத் தலைகள். இந்த நாட்டுக்காகப் பந்தை உதைத்த ஒரு தலை அதில் இல்லை. ஒன்றுகூட இல்லை.

மெஸ்ஸி மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அவர் கோப்பை வாங்கிய இரவில் நானும் அழுதவன்தான். என் கோபம் வேறு. பேனர் அடிப்பதற்கு முன்பே விழாக் குழுவிடம் போய்க் கேட்டேன். "தம்பிகளா, ஒரு ஓரத்திலாவது பீட்டர் தங்கராஜ் படத்தைப் போடுங்கள். படம் நான் தருகிறேன்." செயலாளர் தம்பி நல்ல பையன், கல்லூரி படித்தவன். அவன் கேட்டான்: "யார் அண்ணே அது? நம் பங்கில் இருந்த சாமியாரா?"

அவன் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டான். அதுதான் என்னை எரிக்கிறது.

பீட்டர் தங்கராஜ் இந்தியாவின் கோல்கீப்பர். ராணுவத்தில் இருந்தவர். மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பையை வென்றபோது வலைக்கு முன்னால் நின்றவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் நின்றவர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில், எதிரணிக்காகக் கத்திய பெருங்கூட்டத்துக்கு நடுவே, தென் கொரியாவுக்கு எதிராக நின்றவர். 2-1 என்று ஜெயித்தோம். தங்கம். 1967ல் அர்ஜுனா விருது. 2008ல் இறந்துபோனார். பீட்டர், தங்கராஜ் என்ற பெயர்கள் எங்கள் கரையில் தெருவுக்கு நான்கு இருக்கும். அந்தப் பெயரோடு ஒருவர் ஆசியாவையே மறித்து நின்றார் என்பது, அதே பெயரோடு தினமும் பந்து பிடிக்கிற பிள்ளைக்குத் தெரியவில்லை.

எனக்கு மட்டும் எப்படித் தெரியும்? பள்ளிக்கூடம் சொல்லித் தரவில்லை. எங்கள் ஊரில் ஒரு மாமா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர். இளவயதில் மெட்ராஸ் ரெஜிமென்டில் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி எடுத்தவர். அங்கே மூத்த சிப்பாய்கள் சொல்லக் கேட்ட கதைகளைத்தான், ஊர் திரும்பி வலை பின்னிக்கொண்டே எங்களுக்குச் சொன்னார். நான் பத்து வயதில் அவருடைய திண்ணையில் உட்கார்ந்து ரோமையும் மெல்போர்னையும் கேட்டேன். என் தலைமுறைக்குக் கிடைத்த ஒரே பாடப்புத்தகம் அவர்.

போன வருட இறுதிப் போட்டியில் அவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சிறப்பு விருந்தினரோடு வந்த கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை. ஒரு பையன் ஓடிவந்து, "தாத்தா, கொஞ்சம் எழுந்திருங்கள்" என்றான். எழுந்தார். நாற்காலி போய்விட்டது. அவர் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய், கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றே முழு ஆட்டத்தையும் பார்த்தார். என் வாயில் விசில் இருந்தது, ஆட்டம் தொடங்கிவிட்டது. அப்போதே ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் விட்டேன். அது இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

பிறகு பரிசளிப்பு. சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவர் பேசினார்: நம் நாட்டுக்கும் கால்பந்துக்கும் என்றைக்குமே சம்பந்தம் இருந்ததில்லை, 1950ல் உலகக் கோப்பைக்குக் கூப்பிட்டார்கள், வெறுங்காலில்தான் ஆடுவோம் என்று அடம்பிடித்ததால் போக முடியவில்லை, அப்படிப்பட்ட நாடு இது, நீங்கள்தான் இனிமேல் கணக்கைத் தொடங்க வேண்டும். கூட்டம் சிரித்தது. கை தட்டியது. கம்பத்துக்குப் பின்னால் நின்ற மாமாவை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை.

என்ன பேச்சு இது? வெறுங்கால் கதையைச் சொல்லிச் சிரிக்கத் தெரிந்தவர்களுக்கு, வெறுங்கால் என்ன செய்தது என்று தெரியுமா? 1948 லண்டன் ஒலிம்பிக். சுதந்திரம் வாங்கி ஒரு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. அணியில் பெரும்பாலானவர்கள் ஷூ இல்லாமல் பிரான்ஸை எதிர்த்து இறங்கினார்கள். 2-1 என்றுதான் தோற்றார்கள், அதுவும் இரண்டு பெனால்டிகளை வீணாக்கிவிட்டு. அன்று நமக்காகக் கோல் அடித்தவர் சாரங்கபாணி ராமன். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோல் அது. அந்தப் பெயரை ஒருமுறையாவது எந்த மேடையிலாவது கேட்டிருக்கிறீர்களா? 1950 விஷயத்திலும் காலணி ஒரு சாக்குதான். நம் நிர்வாகிகள் ஒலிம்பிக்கைப் பெரிதாகவும் உலகக் கோப்பையைச் சிறிதாகவும் நினைத்தார்கள். அணித் தலைவர் சைலேன் மன்னாவே பின்னாளில் அந்த வெறுங்கால் கதையை மறுத்திருக்கிறார். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் செய்த தப்புக்கு, மைதானத்தில் ஓடியவனின் காலை எழுபத்தைந்து வருடமாகக் கேலி செய்துகொண்டிருக்கிறோம்.

அதே மன்னா தலைமையில் 1951ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று தங்கம் வாங்கினோம். கோல் அடித்தவர் மேவாலால். 1956ல் மெல்போர்னில், சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவை 4-2 என்று அடித்தோம். நெவில் டிசோசா ஒருவரே மூன்று கோல். ஒலிம்பிக்கில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர். அரையிறுதி வரை போய் நான்காம் இடம். உலகத்தில் நான்காம் இடம்! நமக்குக் கணக்கே இல்லையாம், இனிமேல்தான் தொடங்க வேண்டுமாம்!

1960 ரோமில் ஆடியவர்களைப் பாருங்கள். வலைக்கு முன்னால் தங்கராஜ். முன்வரிசையில் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் அடித்தவர் அவர்தான். அதே அணியில் நம் சைமன் சுந்தரராஜ். பிரான்ஸோடு 1-1 சமன், அந்தக் கோல் பி.கே. பானர்ஜியுடையது. தமிழ்ப் பெயரோடு மூன்று பேர் ஒரே ஒலிம்பிக் அணியில். இது எந்தத் தமிழ்ப் பிள்ளையின் காதிலாவது விழுந்திருக்கிறதா? பலராம் 2023 பிப்ரவரியில் காலமானார். அன்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஐரோப்பிய கிளப் ஒன்றின் ஆட்டக்காரர் மாற்றத்தைப் பற்றி இருநூறு பதிவுகள். அவருக்கு ஒரு வரி அஞ்சலி போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை.

ரஹீமைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சையத் அப்துல் ரஹீம், ஹைதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தவர், 1951, 1962 இரண்டு தங்கத்துக்கும் பயிற்சியாளர். ஜகார்த்தாவுக்குப் போனபோது புற்றுநோய் உடம்பைத் தின்றுகொண்டிருந்தது. ஜர்னைல் சிங் தலையில் தையலோடு கிடந்தார், பின்வரிசையில் ஆட முடியாது. அவரை முன்வரிசைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார் ரஹீம். இறுதிப் போட்டியின் இரண்டு கோல்களில் ஒன்று பானர்ஜியுடையது, மற்றது அந்தத் தையல் போட்ட தலைக்காரருடையது. தங்கம் வாங்கிய ஒன்பதாம் மாதம் ரஹீம் போய்ச் சேர்ந்தார். 2024ல் இந்தியில் ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது, அவர் பெயர் நாலு பேர் வாயில் வர. படம் தியேட்டரை விட்டுப் போனது, பெயரும் கூடவே போய்விட்டது.

ஓட்டப்பந்தயத்தில் மட்டும் என்ன வாழ்கிறது? போன மாதம் ஒரு பள்ளி விளையாட்டு விழாவுக்குக் கொடி பிடிக்கப் போயிருந்தேன். 200 மீட்டர் ஓடி முடித்த பையன்களிடம் கேட்டேன், இதே 200 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கிய தமிழ்நாட்டுக்காரர் யார்? உசேன் போல்ட் என்றான் ஒருவன். ஆர். ஞானசேகரன்! 1978, பாங்காக். 200 மீட்டரில் தங்கம், 100 மீட்டரில் வெள்ளி. பக்கத்தில் நின்ற ஆசிரியரும் புருவத்தை உயர்த்தினார். பரிசுக் கோப்பைகளின் மேல் இந்த வருடமும் நன்கொடையாளரின் கடைப் பெயர்தான் பெரிதாக அச்சாகியிருந்தது. ஓட்டத்துக்கு ஒரு ஓட்டக்காரர் பெயரை வைத்தால் என்ன செலவு? "ஞானசேகரன் கோப்பை" என்றுகூட எழுத வேண்டாம், "ஞானசேகரன் 200 மீட்டர்" என்று மைக்கில் ஒருமுறை அறிவித்திருந்தாலே போதும், அந்தப் பையன் வீட்டுக்குப் போய் யார் என்று கேட்டிருப்பான்.

பக்கத்து மாவட்டத்துச் சாந்தி சௌந்தரராஜனை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. 2006 தோஹாவில் 800 மீட்டரில் வெள்ளி. ஒரு பாலினச் சோதனையின் பேரில் அதைப் பறித்தார்கள். நாட்டுக்காக ஓடிய அந்தப் பெண் செங்கல் சூளையில் வேலை செய்தார். அவரைத் தெரியும் என்பவர்களுக்கும் அந்தச் சோதனைதான் தெரியும். அந்தக் கடைசி நூறு மீட்டர் எப்படி ஓடினார் என்று ஒருவரும் பேசுவதில்லை.

கடலுக்கு அந்தப் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். தனுஷ்கோடி முனையில் நின்றால் இலங்கை கைக்கெட்டும் தூரம்தான். யாழ்ப்பாணத்து நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோவில் உயரம் தாண்டுதலில் தங்கம் வாங்கினார். ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு அதுதான் முதல் தங்கம். 2024ல் காலமானார். தாண்டியது வேறு நாட்டுக்கொடிக்காக. ஆனாலும் இந்தக் கரையில் தமிழ் பேசுகிற பிள்ளைக்கு அவர் பெயர் தெரிந்திருந்தால் யாருக்கு நட்டம்?

இதையெல்லாம் சொன்னால் எனக்கு வரும் பதில் ஒன்றுதான்: "பழங்கதை எதற்கு அண்ணே, இப்போது இந்தியா எத்தனையாவது இடம் பாருங்கள்." கிரிக்கெட்டுக்கு மட்டும் 1983 பழங்கதை இல்லையா? அன்று ஆடிய அத்தனை பேரையும் வரிசையாகச் சொல்கிறீர்களே. கபில்தேவைச் சொல்லும் வாய்க்குச் சுனி கோஸ்வாமி பெயர் ஏன் கனக்கிறது? 1962 அணியின் தலைவர் அவர். பி.கே. பானர்ஜி 2020 மார்ச்சில் போனார், கோஸ்வாமி ஏப்ரலில் போனார். ஊரடங்கு என்று ஒரு சாக்கு அன்று இருந்தது. இன்று என்ன சாக்கு?

தெரியவில்லை என்பதை நான் மன்னிப்பேன். செயலாளர் தம்பியிடம் அன்றே தங்கராஜைப் பற்றி முழுவதும் சொன்னேன். கேட்டான், வியந்தான், "அப்படியா அண்ணே!" என்றான். படத்தையும் அவன் செல்போனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. பேனர் வந்தபோது இல்லை. "இடம் பத்தவில்லை அண்ணே" என்றான். முப்பத்தெட்டுத் தலைக்கு இடம் இருந்தது. தெரிந்த பிறகும் இடம் இல்லை என்பதை எப்படி மன்னிப்பது?

எங்கள் மைதானத்தில் இப்போது ஒரு கோல்கீப்பர் பையன் இருக்கிறான், பதினான்கு வயது. படகு இழுத்துப் பழகிய தோள், பந்து பிடிக்கும்போது வஞ்சிர மீனைக் கொத்தாக அள்ளுவதுபோல் இருக்கும். அவன் முதுகில் ஜெர்மன் கோல்கீப்பர் ஒருவரின் பெயர். போன வருடம் நாற்காலி பிடுங்கப்பட்ட மாமா, கம்பத்துக்குப் பின்னால் நின்றபடி, ஆட்டம் முழுக்க அவனிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்: முட்டியை மடக்கு, பந்து வருவதற்கு முன் கால் நகரட்டும், கையை அகலமாக விரி. அவனும் கேட்டுக்கொண்டே ஆடினான். மூன்று நிச்சயமான கோல்களைத் தடுத்தான். அந்த மாமா யார், அவர் தலைக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை.

மைதானத்தை ஒட்டிப் பள்ளியின் சுற்றுச்சுவர் இருக்கிறது. நாற்பதடி வெற்றுச் சுவர் என்று சொல்ல முடியாது, சிமென்ட் விளம்பரமும் பழைய தேர்தல் சின்னமும் அதில் உரிந்து தொங்குகின்றன. அதில் இருபது பெயர்கள் எழுத வேண்டும். ராமன், மேவாலால், டிசோசா, தங்கராஜ், பலராம், சைமன் சுந்தரராஜ், ரஹீம், ஞானசேகரன், சாந்தி, இன்னும் பலர். பெயர், வருடம், ஊர், அவ்வளவுதான். மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். சுண்ணாம்பு, நீலம், தூரிகை எல்லாம் வாங்கி வீட்டில் வைத்திருக்கிறேன். எழுத ஆளும் சொல்லிவிட்டேன், காசும் நானே தருகிறேன். ஜூன் 14 வரை எழுதுகிறவர் சும்மாதான் இருப்பார். அதன் பிறகு அவரும் கடலுக்குப் போய்விடுவார்.

சுவரை மட்டும்தான் கேட்கிறேன்.