மாமாவின் செரிமான நடை

(நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். தீபாவளி, பகல் ஒன்றரை மணி. தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு வீட்டு இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், மாமாவும் கொழும்பிலிருந்து வந்த மாப்பிள்ளையும். உள்ளே ஆட்டிறைச்சி வேகிறது, வேகிறது, வெந்துகொண்டே இருக்கிறது.)

மாப்பிள்ளை: எண்ணெய் தேய்த்துக் குளித்ததிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை மாமா. கறிக்காக வயிற்றைக் காலியாக வைத்திருக்கிறேன்.

மாமா: அங்கேதான் தப்புப் பண்ணிவிட்டீர்கள். பசி முற்றி உட்கார்ந்தால் கை நம் பேச்சைக் கேட்காது. அதிலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும், அந்தச் சூட்டில் கொழும்பில் வேகிற மாதிரி இறைச்சி வேகுமா? அதனால்தான் நான் காலையிலேயே இரண்டு தோசையை உள்ளே தள்ளிவிட்டேன்.

மாப்பிள்ளை: அப்போதே சொல்லியிருக்கலாமே!

மாமா: இருந்ததே இரண்டு தோசை. சரி, அந்த ஜீன்ஸைக் கழற்றிவிட்டு ஒரு சாரத்தைக் கட்டுங்கள். இடுப்பை இறுக்கினால் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நெஞ்செரியும். சாரம் என்றால் கரண்டிக்கு ஒரு விரற்கடை தளர்த்திக்கொள்ளலாம்.

(இரண்டே கால். சோறு, கறி, பருப்பு, அப்பளம். கரண்டியோடு மாமி நிற்கிறார்.)

மாமா (மெதுவாக): அள்ளிப் போடாதீர்கள். வயிறு நிறைந்த சேதி மண்டைக்குப் போய்ச் சேர 20 நிமிடம் ஆகும். இன்னொன்று, தட்டைக் காலி பண்ணவே கூடாது, காலித் தட்டைக் கண்டால் உங்கள் மாமிக்குக் கை தானாக எழும்பும். ஓரமாக ஓர் எலும்பை வைத்துக் கடித்துக்கொண்டே இருங்கள், கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நான் அப்படித்தான் தப்பிக்கிறேன்.

மாப்பிள்ளை: காலி பண்ணிவிட்டேனே மாமா.

மாமா: முடிந்தது கதை. அதோ வருகிறது.

(மூன்று தடவை வந்தது.)

மாப்பிள்ளை: ஒரு பாய் கிடைக்குமா?

மாமா: படுக்காதீர்கள்! நிரம்பிய குடத்தைச் சாய்த்தால் என்ன ஆகும்? இரண்டு மூன்று மணி நேரம் போகட்டும். முடியவே முடியாது என்றால் இடப்பக்கம் சாய்ந்து படுக்கலாம், புளித்தது மேலே வருவது குறையும்.

மாப்பிள்ளை: தேத்தண்ணியாவது?

மாமா: அதுவும் ஒரு மணி நேரம் கழித்துத்தான். கீரை, பருப்பில் இருக்கிற இரும்புச்சத்தைத் தேயிலைச் சாயம் உடம்பில் ஏற விடாது. ஊருக்கெல்லாம் கொழுந்து பறித்துக் கொடுக்கிற நாம் இதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, அது வேறு விஷயம். எழும்புங்கள், கால் மணி நேரம் நடந்துவிட்டு வருவோம். சாப்பிட்ட கையோடு நடந்தால் இரத்தத்தில் சீனி அவ்வளவு ஏறாது.

மாப்பிள்ளை: மேலே, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துப் பக்கம் போவோமா? ஆள் நடமாட்டம் இருக்காது.

மாமா: மழை பெய்திருக்கிறது, அட்டை ஏறும். கீழ் லயத்து வழியாகவே போவோம்.

(முதல் வீட்டில் அதிரசம். இரண்டாவது வீட்டில் முறுக்கும் அதிரசமும். மூன்றாவது வீட்டில் கதவைத் தட்டியது மாமாதான்.)

மாப்பிள்ளை: மாமா, இதுவரை நடந்தது நாற்பது அடி. நீங்கள் தின்றது ஐந்து அதிரசம்.

மாமா: நல்ல நாளில் வேண்டாம் என்று சொன்னால் மனது நோகும் மாப்பிள்ளை.

மாப்பிள்ளை: மாமி சுட்டதை மட்டும் தொடவே இல்லையே? அவர் மனது?

மாமா: அவள் எண்ணி வைத்திருக்கிறாள். போன மாதம் கிளினிக்கில் எனக்குச் சீனி பார்த்ததிலிருந்து டின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டு.

மாப்பிள்ளை: அப்போ இந்த நடை...

மாமா: செரிமானத்துக்குத்தான்! இன்னும் ஆறு வீட்டுக் காம்பரா இருக்கிறது, பேசாமல் வாருங்கள். அங்கே யாரோ வருகிற மாதிரி இருக்கிறதே, என் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை, கையில் என்ன, குடையா?

மாப்பிள்ளை: கரண்டி, மாமா.

மாமா: அட்டை கடித்தால் கடிக்கட்டும், பெரட்டுக்களத்துப் பக்கமே ஏறுங்கள்!