ஆறு அங்குலத் தண்ணீர்

மண்டபம், வடகடல் பக்கம். ஆனி மாதம். மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் வீசுகிறது. மாமா தன் வல்லத்தைத் தண்ணீருக்குள் தள்ள ஆள் தேடுகிறார். அகப்பட்டது கலிஃபோர்னியாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் அக்கா மகன். தள்ளுவதற்கு இரண்டு கையும் வேண்டும். அவனுடைய ஒரு கையில் போன்.

மாமா: மாப்பிள்ளை, தண்ணீர் வற்ற ஆரம்பித்துவிட்டது. வந்து ஒரு கை கொடு.

மருமகன்: ஒரே நிமிஷம் மாமா. இந்த இரண்டு படகில் எதை வாங்கலாம், சொல்லுங்கள். இரண்டும் பாய்மரப் படகு, பழசு. காருக்குப் பின்னால் ட்ரெய்லரில் ஏற்றி எங்கே வேண்டுமானாலும் இழுத்துப் போகலாம். ராத்திரி உள்ளேயே படுத்துக்கொள்ளலாம்.

மாமா: காட்டு. (பார்க்கிறார்.) ஒரே படகைத்தானே இரண்டு தடவை போட்டோ பிடித்திருக்கிறாய்?

மருமகன்: ஐயோ, இது வெஸ்ட் வைட் பாட்டர் 19. அது மான்ட்கோமரி 17. இது 18 அடி 9 அங்குலம், அது 17 அடி 2 அங்குலம்.

மாமா: பதினெட்டே முக்காலை 19 என்று விற்கிறானா? நம் ஊரில் மீன் நிறுக்கிறவனே தேவலை. அகலம்?

மருமகன்: ஏழரை அடி. அது இரண்டு அங்குலம் குறைவு. ஆறு மாதமாக நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன் மாமா. முடிவுக்கு வரவே முடியவில்லை.

மாமா: வீட்டில் சம்மதமா?

மருமகன்: எதை வாங்குவது என்று நான் முடிவு செய்துவிட்டால் அவளுக்குச் சம்மதமாம்.

மாமா: கெட்டிக்காரி. உன்னை நன்றாகப் புரிந்து வைத்திருக்கிறாள். சரி, மிதக்க எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

மருமகன்: அங்கேதான் வித்தியாசமே! படகுக்கு அடியில் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் பலகையைத் தூக்கிவிட்டால் பாட்டருக்கு ஆறு அங்குலம் போதும். மான்ட்கோமரிக்கு 21 அங்குலம்.

மாமா: (விரலை விரித்து அளந்து) ஒரு சாண்கூட வேண்டாமா? கால் கழுவின தண்ணீரிலேயே போய்விடும் போலிருக்கிறதே. இன்னொன்று முழத்துக்கு மேல் கேட்கிறது. பலகையை இறக்கினால்?

மருமகன்: இரண்டும் மூன்றரை அடிதான். ஓர் அங்குலம் முன்னே பின்னே.

மாமா: எப்படி இறங்கும்?

மருமகன்: பாட்டரில் நேராக மேலும் கீழும் போகும். கனம், வின்ச் சுற்றித்தான் தூக்க வேண்டும். மான்ட்கோமரிக்கு அடியில் சின்ன ஏரா, அதாவது நீளவாக்கில் துருத்தி நிற்கும் அடிக்கட்டை, ஒன்று நிரந்தரமாக இருக்கும். அதற்குள்ளிருந்து பலகை சாய்ந்து இறங்கும்.

மாமா: அப்படிச் சொல்லு. ஒன்று உறையில் போட்ட கத்தி, இன்னொன்று மடக்குக் கத்தி. கல்லில் இடித்தால் மடக்குக் கத்தி தானே மடங்கிக்கொள்ளும். உறைக் கத்தி?

மருமகன்: சிக்கிக்கொள்ளும்.

மாமா: அதுதான். தென்கடலில் தீவைச் சுற்றிப் பார், மாப்பிள்ளை.

மருமகன்: எதைப் பார்க்கணும் மாமா?

மாமா: கண்ணால் பார்க்கிற பார் இல்லையடா, கல் பார். பவளப்பாறை. அமெரிக்கா போய்த் தமிழ் பாதி கரைந்துவிட்டது உனக்கு. அந்த 21 தீவுப் பக்கம் இப்போது வனத்துறை விடாது, அது வேறு கதை. ஆனால் பார் மேல் ஏறின படகு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். அப்படியானால் மடக்குக் கத்தியை எடு.

மருமகன்: ஆனால் பாட்டர் மணல் கரையில் நிமிர்ந்து உட்காரும் மாமா. அடி தட்டை. மான்ட்கோமரி ஏராவில் நின்று ஒரு பக்கம் சாயும்.

மாமா: அப்போ பாட்டரை எடு.

மருமகன்: ஆனால் எதிர் அலையில் தட்டை அடி தொப்புத் தொப்பென்று அறையும். மான்ட்கோமரிதான் காற்றுக்கு எதிரே நன்றாக ஏறிப் போகும்.

மாமா: (தலைத்துண்டை அவிழ்த்து உதறிக் கட்டுகிறார். மாமா துண்டை அவிழ்த்தால் பொறுமை பாதி போய்விட்டது என்று அர்த்தம்.) உன் ஊர்க் கடல் முரட்டு ஆண் கடலா, சாதுவான பெண் கடலா? அதைச் சொல்லு முதலில்.

மருமகன்: சான் பிரான்சிஸ்கோ விரிகுடா மாமா. கோடையில் உள்நாடு சூடேறிக் கடல் காற்றை இழுக்கும். மத்தியானத்துக்கு மேல் மணிக்கு 35, 40 கிலோமீட்டர் மேல்காற்று.

மாமா: அட, அங்கேயும் கச்சானா! அப்போ மான்ட்கோமரி. பேச்சு முடிந்தது. வா, தள்ளு.

மருமகன்: ஆனால் கொஞ்ச தூரத்தில் சாக்ரமென்டோ ஆற்று டெல்டா இருக்கிறது. மணல் திட்டு, ஆழமில்லாத வாய்க்கால். அங்கே போனால் பாட்டர்.

மாமா: கச்சானில் வடகடல், வாடையில் தென்கடல் என்று ஒரே வல்லத்தை வைத்துக்கொண்டு பாம்பன் கால்வாய் வழியாகப் போய் வருகிறோம் நாங்கள். உனக்கு மட்டும் ஆற்றுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்றா?

மருமகன்: மான்ட்கோமரியை வரைந்தது லைல் ஹெஸ் மாமா. அவர் வரைந்த 24 அடிப் படகு ஒன்றில் கணவனும் மனைவியுமாக உலகத்தையே சுற்றி வந்திருக்கிறார்கள். எஞ்சினே கிடையாது.

மாமா: சண்டை போட்டால் அந்த அம்மா எங்கே போய் உட்காருவாங்க?

மருமகன்: (கேட்காதவன் போல) பக்கவாட்டைப் பாருங்கள். பலகை மேல் பலகை ஏற்றி அடித்த மாதிரி எவ்வளவு அழகு!

மாமா: நல்ல தச்சு வேலை.

மருமகன்: பலகை இல்லை மாமா, முழுக்க ஃபைபர். அச்சிலேயே அப்படி வார்த்தது.

மாமா: ஃபைபருக்குப் பலகை வேஷமா! சரி, ஒதுங்குவதற்கு உள்ளே இடம் இருக்கிறதா?

மருமகன்: பாட்டரில் சின்னப் பெட்டி ஒன்று வைத்துக்கொள்ளலாம். படுக்கைக்கு அடியில்.

மாமா: யார் படுக்கைக்கு?

(மருமகன் பதில் சொல்லவில்லை. மாமாவும் மேலே கேட்கவில்லை. சில விஷயங்களை ஆண்கள் இப்படித்தான் கடந்து போகிறார்கள்.)

மாமா: எடை எவ்வளவு?

மருமகன்: பாட்டர் சுமார் 555 கிலோ, மான்ட்கோமரி 700. ட்ரெய்லர், எஞ்சின், சாமான் எல்லாம் தனி.

மாமா: எதை வைத்து இழுப்பாய்?

மருமகன்: காரை வைத்துத்தான்.

மாமா: உன் அம்மா போட்டோ காட்டினாளே, அந்தச் சின்னக் காரா? அது தாங்குமா?

மருமகன்: (குரல் இறங்கி) எதையும் இழுக்கக் கூடாது என்று கார் புத்தகத்திலேயே போட்டிருக்கிறது.

மாமா: ஆறு மாதமாக நோட்டில் என்னதான் எழுதினாய்?

மருமகன்: அதற்கும் யோசித்துவிட்டேன் மாமா. பழைய பிக்கப் வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டு. கிட்டத்தட்ட ஒரே மாதிரி. இது கொஞ்சம் நீளம், அது கொஞ்சம்...

(மாமா போனைப் பார்க்கவில்லை. கடலைப் பார்க்கிறார். வல்லம் நின்ற இடத்தில் இப்போது தண்ணீர் இல்லை. சேற்றில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு நண்டு அதன் நிழலில் குடியேறிவிட்டது.)

மாமா: மாப்பிள்ளை, அந்த ஆறு அங்குலப் படகையே வாங்கு.

மருமகன்: நிஜமாகவா? ஏன் மாமா?

மாமா: வாங்கி இங்கே அனுப்பு. இப்போ போனை மடியில் கட்டிக்கொண்டு வந்து இதைத் தள்ளு.