மனுஷனை விட்டுச் செடிக்குப் போன டாக்டர்

அக்கா மகளுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்சி. அக்ரி கிடைத்திருக்கிறது. விசாரிக்கலாம் என்று திருப்பாதிரிப்புலியூரில் அக்கா வீட்டுக்குப் போனால், துக்கம் கேட்க வந்த மாதிரி நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "நீட்ல இன்னும் கொஞ்சம் எடுத்திருக்கலாம்." "சரி விடுங்க, அக்ரியாவது கெடச்சுதே." பிள்ளை காபி டம்ளர் எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டாள். மேற்கொண்டு பயிர் நோயியல் படிக்கணும் என்று என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறாள். அதை அந்தக் கூடத்தில் சொல்லியிருந்தால் ஒப்பாரியே வைத்திருப்பார்கள்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. மனுஷ வைத்தியம் படித்துவிட்டுப் பயிர்ச் சீக்கு பார்க்கப் போன எட்வின் ஜான் பட்லர் கதையை ஆரம்பித்தேன். பாதிதான் சொல்ல விட்டார்கள். மீதி இங்கே.

பட்லர் 1874இல் அயர்லாந்தின் மேற்குக் கரையில் கில்கீ என்ற ஊரில் பிறந்தவர். அந்த நாட்டில்தான் 1845இல் உருளைக்கிழங்குச் செடி நோய் விழுந்து கருகி, அடுத்து வந்த வருடங்களில் பட்டினியிலும் காய்ச்சலிலும் சுமார் பத்து லட்சம் பேர் செத்தார்கள். கிட்டத்தட்ட அதே அளவு ஜனம் பிழைக்கக் கப்பலேறியது. பட்லர் கார்க் நகரில் மருத்துவம் படித்து 1898இல் டாக்டர் பட்டம் வாங்கினார். வாங்கிய கையோடு, பயிருக்குச் சீக்கு கொண்டுவரும் பூஞ்சாணத்தை ஆராயப் போய்விட்டார். நம்ம வீடாக இருந்தால் மந்திரித்துத் தாயத்துக் கட்டியிருப்பார்கள். 1901இல் இந்தியா வந்தவர், 1905 முதல் பீகாரின் பூசாவில் இருந்துகொண்டு துவரை வாடல், கோதாவரிப் பக்கத்துப் பனையின் குருத்தழுகல், நெல், கரும்பு என்று இந்த நாட்டுப் பயிர்களின் சீக்கையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தார். கரும்பின் செவ்வழுகல் நோய்க்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் பெயர் 1906இல் அவர் வைத்ததுதான்.

செவ்வழுகல் எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது. நெல்லிக்குப்பம் பக்கம் எங்களுக்கு ரெண்டு ஏக்கர். அப்பா கோக 671 போட்டிருந்தார். கடலூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்து ரகம். பெயரில் இருக்கிற 'க' நம்ம கடலூர்தான். சர்க்கரை கட்டுவதில் அதை அடிக்க அப்போது ஆளில்லை. ஆலைக்கு அதன் மேல் அவ்வளவு பிரியம், செவ்வழுகலுக்கும்தான்.

முதலில் மூணாவது, நாலாவது தோகை மஞ்சளாகிக் காய்ந்தது. தண்ணீர் பத்தவில்லை என்று அப்பா கூடுதலாகப் பாய்ச்சினார். நோய் பிடித்த தூரிலிருந்து அடுத்த தூருக்குப் பூஞ்சாண வித்தைச் சுமந்து போவதே அந்தத் தண்ணீர்தான் என்று அப்போது யாருக்குத் தெரியும்? உரக்கடையில் விலை கூடிய மருந்து ஒன்றைக் கொடுத்தார்கள். மூணு தடவை அடித்தோம். கடன்தான் ஏறியது.

அப்புறம் ஆலையிலிருந்து ஒருத்தர் வந்தார். ஒரு கழியை வெட்டி, அரிவாளால் நீளவாக்கில் பிளந்தார். உள்ளே சிவப்பு. அந்தச் சிவப்புக்குக் குறுக்கே, நடுநடுவே, வெள்ளைத் திட்டு. "இந்த வெள்ளையைப் பாத்து வெச்சுக்குங்க, இதான் அடையாளம்" என்று சொல்லி அப்பா மூக்கருகே நீட்டினார். புளித்த கள் வாடை. "இதுக்கு மேல மருந்து இல்லீங்க. தூரோட பேத்துக் கொளுத்துங்க. வெட்டின கட்டையிலேருந்து மறுதாம்பு விடாதீங்க, நெல்லுக்கு மாத்துங்க. அடுத்த தடவை விதைக் கரணையை நோயில்லாத தோட்டத்துல பாத்து வாங்குங்க." எல்லாம் சேர்ந்து இருபது நிமிஷம் இருக்கும். பிளந்த கழியை அப்பா ரெண்டு நாள் திண்ணையிலேயே வைத்திருந்தார்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்தபோது மந்திரி வந்தார், கேமரா வந்தது, கணக்கெடுக்க ஆள் வந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததை நாடே பார்த்தது. தோகை மஞ்சளானால் யார் வருவார்கள்? சீக்கு சத்தம் போடாது. 1943 வங்கப் பஞ்சத்துக்கு யுத்தம், பதுக்கல், வெள்ளைக்கார அரசு என்று காரணம் சொல்கிறோம். அமர்த்தியா சென் சொல்வது போல, அரிசி இருந்தும் வாங்க வழியில்லை என்ற பக்கம்தான் நானும். ஆனால் 1942இல் நெல்லில் பழுப்புப் புள்ளி நோய் பெருவாரியாக விழுந்ததும் நடந்ததுதான். பஞ்சம் நடக்கும்போதே அங்கே பூஞ்சாண ஆராய்ச்சி வேலையில் சேர்ந்த எஸ்.ஒய். பத்மநாபன், முப்பது வருடம் கழித்து 1973இல் அதைக் கட்டுரையாக எழுதி வைத்தார். அவர் எழுதியிராவிட்டால் அந்தப் புள்ளியைப் பற்றி இன்று இவ்வளவு பேச்சு இருந்திருக்காது.

நான் சொல்ல வந்தது இந்த எழுத்தைப் பற்றித்தான். மனுஷ டாக்டரிடம் நோயாளி நடந்து வருவான். கரும்பு நடந்து வருமா? ஒவ்வொரு தூரையும் போய்ப் பார்க்க எந்த விஞ்ஞானியாலும் ஆகாது. வரப்பில் நிற்கிறவன் கண்ணுக்கு அடையாளம் தெரிந்தால்தான் வைத்தியம். அதனால் பயிர் நோய்க்காரருக்குப் புத்தகம் எழுதுவது ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளும் வேலை ஆகாது, அதுதான் மருந்துச் சீட்டு. பட்லர் பின்னால் லண்டனில் பூஞ்சாண ஆய்வகத்தின் முதல் இயக்குநர் ஆனார், ராயல் சொசைட்டியில் சேர்ந்தார், சர் பட்டமும் வாங்கினார். எனக்கு அதெல்லாம் ரெண்டாம் பட்சம். பதினேழு வருடம் இங்கே பார்த்ததைத் திரட்டி 1918இல் ஒரு தடித்த புத்தகம் போட்டாரே, அதற்காகத்தான் அவரைப் பிடிக்கும். நம்ம அண்ணாமலை நகரிலேயே பேராசிரியராக இருந்த ஜி. ரங்கசாமியும் 1972இல் இந்தியப் பயிர் நோய்களுக்கு ஒரு புத்தகம் தந்தார். வேளாண் மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்தது.

ரெண்டும் ஆங்கிலம். தமிழில் அப்பா கைக்கு வந்தது ஒரு துண்டுப் பிரசுரம். "பாதிக்கப்பட்ட செடிகளை அப்புறப்படுத்தி அழித்திடல் வேண்டும்" என்று இருந்தது. எது பாதிக்கப்பட்ட செடி? கள் வாடையும் இல்லை, வெள்ளைத் திட்டும் இல்லை. எழுதினவர் கழியைப் பிளந்து பார்த்தவராகவே தெரியவில்லை. இப்போது பதவி உயர்வுக்கு ஆராய்ச்சிக் கட்டுரையை எண்ணுகிறார்கள், எண்ணட்டும். விவசாயிக்குப் புரிகிற மாதிரி தமிழில் ஒரு புத்தகம் எழுதினால் அதையும் அஞ்சு கட்டுரைக்குச் சமமாக எண்ணினால் என்ன குறைந்துவிடும்?

வந்தவர்கள் போன பிறகு பிள்ளை வெளியே வந்தாள்.

"மாமா, அந்தக் கரும்பு வாடை எப்படி இருக்கும்?"

"அதான் சொன்னேனே, புளிச்ச கள்ளு."

"கள்ளு வாடையே எனக்குத் தெரியாதே."

நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் அவளுக்கு யார் காட்டியிருப்பார்கள்? "பாண்டி எல்லையைத் தாண்டுனா கள்ளுக்கடை இருக்கு, ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போறேன்" என்றேன். அக்கா கையிலிருந்த கரண்டியோடு வாசலுக்கு வந்தாள். நான் வண்டியைக் கிளப்பிவிட்டேன்.