புகை நின்றபோதே பிடித்திருக்க வேண்டும்

ஆயில் டேங்க்கில் முக்கால்வாசி ஆயில் இருக்கிறது. எச்சரிக்கை ஹார்ன் ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஆனால் இன்ஜின் சீஸ் ஆகி, அதாவது பிஸ்டன் இறுகிச் சிக்கி, படகு நடுத்தண்ணீரில் நின்றுவிட்டது. மூன்று நாளாக எனக்குத் தூக்கமே இல்லை.

ஊட்டிக்கு மேற்கே ஒரு நீர்த்தேக்கத்தில் ஒப்பந்தத்துக்குப் படகு ஓட்டுகிறேன். பழுது வந்தால் என் கைக்காசு. மோட்டார் பழைய டூ ஸ்ட்ரோக், 40 குதிரைத்திறன். இதில் காரில் இருப்பதுபோல அடியில் ஆயில் தேங்கி நிற்காது. பெட்ரோலோடு போய் எரிகிற ஆயில்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். பழைய பஜாஜ் ஸ்கூட்டருக்கு பங்க்கில் ஆயில் கலந்து ஊற்றுவார்களே, அதே கணக்கு. இங்கே அந்த வேலையை ஆயில் பம்ப் பார்க்கிறது. பம்பைச் சுழற்றுகிற கியர் பிளாஸ்டிக். இத்தனை வருஷச் சூட்டில் வெந்து, பல் மழுங்கி, சுற்றாமல் நின்றுவிட்டது. ஒரு முழு இன்ஜினின் உயிரை விரல் நுனி அளவு பிளாஸ்டிக்கிடம் ஒப்படைக்க எப்படி மனசு வந்தது?

அதைவிடக் கொடுமை அந்த ஹார்ன். என் மோட்டாரில் அது பார்ப்பது டேங்க்கில் ஆயில் குறைகிறதா என்பதை மட்டும். பம்ப் செத்தால் ஆயில் செலவாகாது, டேங்க் குறையாது, ஹார்னும் அடிக்காது. எப்போது கத்த வேண்டுமோ அப்போது வாயை மூடிக்கொண்டு இருக்கிற எச்சரிக்கை எதற்கு?

மெக்கானிக் தம்பி மீதும் எனக்குக் கோபம்தான். 2,000 மீட்டருக்கு மேலே காற்று லேசு, பெட்ரோல் அதிகமாகப் போய் மோட்டார் புகைத்துக்கொண்டே இருந்தது. கார்புரேட்டரில் பெட்ரோல் போகிற துளை இருக்கிற ஜெட்டை மாற்றிச் சின்னதாகப் போட்டான். புகை கொஞ்சம் குறைந்தது, சரி. இரண்டு வாரம் கழித்துச் சுத்தமாக நின்றே போனது. "பாத்தீங்களாண்ணே, ஜெட் மாத்துனதுக்கு எப்படி ஓடுதுன்னு" என்றான். ஆயில் எரிந்தால்தானே நீலப்புகை வரும்! ஆயில் போகவே இல்லை என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. டேங்க் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, மறுநாள் இறங்கியிருக்கிறதா என்று பார்த்திருந்தால் போதும். அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

சீசன் நேரம், மதியம் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. படகில் ஆறு பேர், அதில் இரண்டு குழந்தைகள். முதலில் வேகம் குறைந்தது, அப்புறம் கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். குளிரில் நடுங்குகிற பிள்ளைகளை வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டே கரை சேர்ந்தேன். அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

கழற்றிப் பார்த்தால் மேல் சிலிண்டர் முழுக்கக் கீறல். போர் பண்ணி, அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். பம்புக்குக் கோயம்புத்தூர் வரை இறங்கினேன், கிடைக்கவில்லை. கொச்சிக்குப் போன் போட்டால் கடைக்காரர் சாவகாசமாகச் சொல்கிறார்: "பழைய மாடல்தானே, பம்பைக் கழட்டிப் போட்டுட்டு ஆயிலைக் கலந்து ஓட்டுங்க. எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க." எல்லோரும் அப்படித்தான் ஓட்டுகிறார்கள் என்றால், பம்ப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும் என்றுதானே அர்த்தம்? இதே கடையில் எத்தனை தடவை ஆயில் வாங்கியிருக்கிறேன். அப்போது ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

அப்படித்தான் செய்யப் போகிறேன். 25 லிட்டர் பெட்ரோலுக்கு அரை லிட்டர் ஆயில், ஐம்பதுக்கு ஒன்று. புது பிஸ்டன் பழகும் வரை அதற்கு இரண்டு மடங்கு. என் கையால் அளந்து ஊற்றிக்கொள்கிறேன். மோட்டார் புகைத்தால் புகைக்கட்டும், இனி எவனும் அந்த ஜெட் பக்கம் கை வைக்கக் கூடாது.