வெயில் அடித்தாலும் ஆறு வரும்
'காட்டாற்றை ஒட்டிய நடைக்குக் கோடைதான் பத்திரம், மழைக்காலத்தைத் தவிர்த்தால் போதும்' என்று ஒரு கட்டுரையில் இருப்பதை ஏற்க முடியவில்லை. பழைய குற்றால அருவியில் 2024-ல் 17 வயதுப் பையனை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது மே 17 அன்று. குற்றாலத்தின் மழைக்காலமான சாரல் சீசனே தொடங்கியிருக்கவில்லை. குற்றால மலையில் இருக்கும் செண்பகாதேவி அருவிக்கு ஏற விட்டுக்கொண்டிருந்த காலத்தில் (இப்போது நினைத்தபடி ஏற முடியாது) சித்தப்பாவோடு சிற்றாற்றின் ஓரமாகவே நடந்து போனேன். பேரருவிக்கு மேலே இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், ஆனால் வழியெல்லாம் வேரும் பாசி பிடித்த பாறையும். பாதி தூரத்தில் ஆற்றுக்குள் ஒரு பாறையில் உட்கார்ந்து புளிசாதத்தைப் பிரித்தோம். தலைக்கு மேலே சுள்ளென்று வெயில். திடீரென்று சித்தப்பா 'ஏல எந்தி, எந்தி' என்று கையைப் பிடித்து இழுத்தார். கண்ணாடி மாதிரி ஓடிய தண்ணீரில் சருகும் சுள்ளியும் மிதந்து வந்ததும், நிறம் டீ போலக் கலங்கியதும் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. கரையேறிக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் உட்கார்ந்த பாறையைக் காணோம். மழை மேலே எங்கோ மலையில். எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. போனது புளிசாதத் தூக்கு மட்டும், சித்தி அதற்கே ஒரு வாரம் ஏசினாள். காட்டு நடையில் காலில் ஒட்டிக்கொள்ளும் அட்டைக்கு என்ன செய்வது என்று கேட்டிருப்பவருக்கு: உப்பைத் துணியில் முடிந்து ஒரு குச்சி நுனியில் கட்டிக்கொள்ளுங்கள், தொட்டால் விழுந்துவிடும், பிய்த்து மட்டும் இழுக்காதீர்கள், கடிவாய் ஆற நாளாகும்.