ஒரு பட்டனை அழுத்தாத பாவம்

இடம்: புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் கோயில். காலம்: ஈஸ்டருக்கு முன்னால் வரும் பெரிய வியாழனுக்கு முந்தைய நாள் மாலை. வருடம் முழுக்கப் பாவம் செய்கிறவர்கள், அதைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு மட்டும் ஏன் கடைசி மூன்று நாளைப் பிடிக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. மின் கட்டணத்தையும் நாம் அப்படித்தான் கட்டுகிறோம். சாமியார் உள்ளே உட்கார்ந்து கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிகள் மூன்று, வரிசைகள் மூன்று. மூன்றாவது வரிசையில் எலிசா நிற்கிறார், பெரிய மார்க்கெட்டில் மீன் விற்பவர். அவருக்குப் பின்னால் ஒரு தூண். தூணுக்குப் பின்னால் மளிகைக்கடை லூர்துசாமி. இருவருக்கும் வீடு நெல்லித்தோப்பு.

எலிசா: யார் அது, லூர்துவா? வெளியே வா. தூண் ஒல்லியாக இருக்கிறது, நீ அப்படி இல்லை.

லூர்து: அடடே, எலீசக்கா! சும்மா ஸ்டேஷன் பக்கம் வந்தேன். விழுப்புரம் ரயிலுக்கு.

எலிசா: அது போய் அரை மணி நேரம் ஆகிறது.

லூர்து: அப்படியா? போகட்டும். நீங்கள் எங்கே இங்கே? நெல்லித்தோப்பில் நம் கோயில் இருக்கும்போது?

எலிசா: மார்க்கெட்டில் கடையை ஏறக்கட்டிவிட்டு அப்படியே நடந்து வந்தேன். பக்கம்தானே.

லூர்து: பக்கம் என்றால் மிஷன் வீதியில் சம்பா கோயில் இன்னும் பக்கமாச்சே அக்கா.

(எலிசா முந்தானையைச் சரிசெய்கிறார். சரியாக இருந்த முந்தானை.)

எலிசா: சரி, கோயிலுக்குள் நின்றுகொண்டு எதற்குப் பொய்? நம் பங்குச் சாமியாருக்கு என் குரல் தெரியும். வாரம் இரண்டு நாள் அவர் வீட்டுக்கு நான்தான் மீன் கொடுக்கிறேன்.

லூர்து: எனக்கும் அதே கதைதான். நான் இருமினாலே கண்டுபிடித்துவிடுவார். இங்கே என்றால் பெரிய கோயில். 1907-ல் அபிஷேகம் ஆனது, 2011-ல் பசிலிக்கா என்று பட்டமும் வந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் போட்டோ எடுக்க வருகிற இடம். இங்கே யாருக்கு யாரைத் தெரியப்போகிறது?

எலிசா: மூன்றாவது தொட்டியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாயா? பெரிய வாரத்தில் கூட்டம் தாங்காது என்று சுற்றுவட்டாரப் பங்குச் சாமியார்களை எல்லாம் உதவிக்குக் கூப்பிடுவார்கள்.

லூர்து: (எட்டிப் பார்க்கிறார். திரும்பும்போது முகத்தில் ரத்தம் இல்லை.) நம் சாமியார்!

எலிசா: நானும் இப்போதுதான் பார்த்தேன். பார்த்துவிட்டு வரிசையை விட்டுப் போனால் அதுவும் ஒரு மாதிரி இருக்கும்.

லூர்து: முதல் வரிசைக்குப் போய்விடலாமா?

எலிசா: அது வாசல் வரை போகிறது.

லூர்து: இரண்டாவது?

எலிசா: அந்தச் சாமியாருக்குக் காது மந்தம். நீ மெதுவாகச் சொல்வாய். "என்ன, எத்தனை கிராம் பருப்பு?" என்று அவர் கேட்பார். அது ஸ்டேஷன் வரை கேட்கும்.

லூர்து: பருப்பு என்று நான் எப்போது சொன்னேன்?

எலிசா: மளிகைக்கடைக்காரன் வேறு எதைச் சொல்லப்போகிறாய், கொலையா?

(வரிசை ஓர் ஆள் நகர்கிறது. இருவரும் நகரவில்லை. பின்னால் நிற்பவர் செருமுகிறார். நகர்கிறார்கள்.)

லூர்து: அவர் வெளியே சொல்லமாட்டார், தெரியும். ஆனால் நாளைக்கே அவர் வீட்டுச் சமையல்காரர் வேறு கடைக்குப் போய்விட்டால்?

எலிசா: போகச் சொல்லக்கூடாது. நம் தெருக் கிறிஸ்தவர்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் உபதேசியார் விளக்கினாரே, நீ வந்தால்தானே? பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதை வெளியே சொன்னால் சாமியாருக்கே திருச்சபை விலக்கம். அது மட்டும் இல்லை. அங்கே கேட்டதை வைத்து உனக்கு நஷ்டம் வருகிற மாதிரி எதுவும் செய்யவும் கூடாது. சட்டம் அப்படி.

லூர்து: அப்படியென்றால்... நான் சொல்லிவிட்டால், அதைக் காரணம் காட்டி அவர் கடையை மாற்ற முடியாது?

எலிசா: முடியாது.

லூர்து: ஆயுள் வாடிக்கை! அக்கா, இத்தனை வருடம் இது தெரியாமல் ஊர் ஊராகப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேனே!

எலிசா: சத்தம் போடாதே. அப்படி என்னதான் செய்தாய்?

லூர்து: அதுதான் அக்கா வேடிக்கை. நான் ஒன்றுமே செய்யவில்லை. கடையில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கிறதே, தட்டு காலியாக இருக்கும்போதே 20 கிராம் காட்டும். ஜீரோ பட்டனை அழுத்தினால் சரியாகிவிடும்.

எலிசா: அழுத்தவேண்டியதுதானே.

லூர்து: அழுத்தவில்லை. அவ்வளவுதான். செய்தால்தானே பாவம்? இது செய்யாதது.

எலிசா: பூசையில் நெஞ்சில் தட்டிக்கொண்டு என்ன சொல்கிறாய்? "சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும்", அப்புறம்?

லூர்து: (முனகலாக) "கடமையில் தவறியதாலும்."

எலிசா: அந்த நாலாவது உனக்காகவே போட்டது.

லூர்து: ஆனால் தராசுக்கு முத்திரை இருக்கிறது அக்கா. வருடா வருடம் அதிகாரியிடம் காட்டி முத்திரை வாங்குகிறேன்.

எலிசா: அன்றைக்கு 20 கிராம் காட்டவில்லையா?

லூர்து: அன்றைக்குப் பட்டனை அழுத்தினேன்.

எலிசா: ஆக, வருடத்தில் ஒரு நாள் நீ நல்லவன். சரி, ஒரு நாளைக்கு எத்தனை பொட்டலம் நிறுப்பாய்?

லூர்து: நூறு இருக்கும்.

எலிசா: நூறு இருபது, இரண்டு கிலோ. மாதம் 60 கிலோ. கிலோ சராசரி நூறு ரூபாய் என்று வை. மாதம் 6,000. வருடத்துக்கு?

(லூர்து விரல்களில் எண்ணத் தொடங்கி, பாதியில் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிடுகிறார். மீன் விற்பவர்களுக்குக் கணக்குப் பொறி தேவையில்லை என்பதை அவர் மறந்துவிட்டார்.)

லூர்து: 72,000! இத்தனை நாளும் 20 கிராம் என்றுதானே அக்கா நினைத்துக்கொண்டிருந்தேன்!

எலிசா: அதைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்.

லூர்து: சாமியார் மன்னிப்புக் கொடுத்துவிட்டால் முடிந்ததுதானே? "அருள் நிறைந்த மரியே" செபத்தை மூன்று தடவை சொல்லச் சொல்வார், நான் ஆறாகவே சொல்கிறேன்.

எலிசா: பாவம் போகும். பருப்பு எப்படிப் போகும்? எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க முடிகிறவன் கொடுக்கவேண்டும். வேதத்தில் சக்கேயு என்ன செய்தான்? சொத்தில் பாதி ஏழைகளுக்கு, ஏமாற்றி வாங்கியதற்கு நாலு மடங்கு.

லூர்து: நாலு மடங்கா! 2,88,000! அவன் எரிகோவில் வரி வசூல்காரர்களுக்குத் தலைவன் அக்கா. மரத்தில் ஏறி உட்கார்ந்தாலும் பணக்காரன். நான் நெல்லித்தோப்பில் துவரம்பருப்பு விற்கிறவன். குறைவாக எதுவும் இல்லையா வேதத்தில்?

எலிசா: (யோசித்து) இருக்கிறது. விடுதலைப் பயண நூலில், ஆட்டைத் திருடி விற்றுவிட்டால் ஒன்றுக்கு நாலு. ஆனால் எண்ணிக்கை நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், தானாகவே குற்றத்தை ஒத்துக்கொண்டால் முழுத் தொகையோடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும்.

லூர்து: ஐந்தில் ஒன்று! 72,000, அதோடு 14,400. மொத்தம் 86,400. ஒரே வசனத்தில் இரண்டு லட்சம் மிச்சம்! இதை ஏன் அக்கா பிரசங்கத்தில் சொல்வதில்லை?

எலிசா: நீ பிடிபடுவதற்கு முன்னால் ஒத்துக்கொள்ளவேண்டும். அதற்குத்தான் அந்தச் சலுகை.

லூர்து: இன்னும் பிடிபடவில்லையே. ஆனால் யாருக்கென்று கொடுப்பது? பாதிப் பேர் பெயரே தெரியாது.

எலிசா: ஆள் தெரியாவிட்டால் ஏழைகளுக்குக் கொடுக்கலாம். தெரிந்தவர்களுக்கு நேராகக் கொடுக்கவேண்டும். (உள்ளங்கையை நீட்டுகிறார்.)

லூர்து: என்ன அக்கா?

எலிசா: என்னை உனக்குத் தெரியாதா? மாதம் எட்டுப் பொட்டலம் வாங்குகிறேன். வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு கிலோ, 200 ரூபாய். ஐந்தில் ஒரு பங்கு 40. மொத்தம் 240.

லூர்து: கோயிலுக்குள்ளா?

எலிசா: காணிக்கையைப் பீடத்தின் முன்னால் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானம் செய்துகொள் என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். உனக்குப் போகிற வேலைகூட இல்லை. நான் இங்கேயே நிற்கிறேன்.

(லூர்து எண்ணிக் கொடுக்கிறார். எலிசா ஒரு முறை எண்ணிவிட்டு, இருமுறை எண்ணிச் சுருக்குப் பையில் போடுகிறார். வரிசை நகர்கிறது.)

லூர்து: என் கதை ஆயிற்று. நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?

எலிசா: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு போகாது. அந்த 61 நாளும் நான் என்ன விற்பேன்? மே மாதத்தில் கேரளாப் பக்கம் தடை இருக்காது. அங்கிருந்து ஐஸ் பெட்டியில் வரும். "நம்ம கடல் மீன், காலையில் பிடித்தது" என்று சொல்லி விற்பேன்.

லூர்து: போன மே மாதம் என் மச்சானுக்கு விருந்து வைத்த வஞ்சிரம்?

எலிசா: கொச்சி.

லூர்து: "பாண்டி மீன் ருசியே தனி" என்று அவனிடம் ஒரு மணி நேரம் பேசினேனே! அப்போது நானும் பொய் சொல்லியிருக்கிறேனா?

எலிசா: தெரியாமல் சொன்னதால் உனக்குப் பாவம் இல்லை. அது என் கணக்கில் ஏறும்.

லூர்து: ஏற்றுங்கள். அந்த ஐஸுக்கும் சேர்த்து எடை போட்டீர்களே, அது?

எலிசா: மீன் கணக்கு வேறு. அதை இன்னொரு நாள் பார்ப்போம். அதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. என் நாத்தனாரோடு பேசுவதில்லை. மார்க்கெட்டில் என் இடத்தில் அவள் கூடையை வைத்தாள்.

லூர்து: எப்போது?

எலிசா: சுனாமிக்கு முன்னால்.

லூர்து: அக்கா! 2004-க்கு முன்னாலா? ஏழு தடவையா மன்னிப்பது என்று பேதுரு கேட்டதற்கு ஆண்டவர் என்ன சொன்னார்? எழுபது தடவை ஏழு தடவை. நீங்கள் ஒரு தடவைகூட ஆரம்பிக்கவில்லையே?

எலிசா: அவள் கேட்டால்தானே கொடுப்பது?

லூர்து: அப்புறம் எப்படிக் "கர்த்தர் கற்பித்த செபம்" சொல்கிறீர்கள்? "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்று வருமே?

எலிசா: அந்த வரி வரும்போது இருமுவேன்.

லூர்து: இருபது வருடமாகவா?

எலிசா: எல்லாரும் எனக்கு ஆஸ்துமா என்று நினைக்கிறார்கள். நீ ரொம்பப் பேசாதே. உன் கடை வாசலில் சிலேட்டில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறாயே, "ஆட்டோக்காரர் பாக்கி 340" என்று. அது மன்னிப்பா?

லூர்து: அது வியாபாரம்.

எலிசா: ஆண்டவர் சொன்ன கதையில், ஒரு வேலைக்காரனின் பத்தாயிரம் தாலந்து கடனை அரசன் தள்ளுபடி செய்தான். வெளியே வந்ததும் அந்த வேலைக்காரன் தன் கூட்டாளியின் கழுத்தைப் பிடித்தான், நூறு தெனாரியத்துக்கு, அதாவது நூறு நாள் கூலிக்கு. ஒரு தாலந்து என்றால் 6,000 நாள் கூலி. பத்தாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. நீ உள்ளே போய் 86,400-க்குச் சலுகை கேட்கப்போகிறாய். வெளியே 340-க்குச் சிலேட்டு.

லூர்து: (நீண்ட மௌனத்துக்குப் பிறகு) சரி, பையனுக்குப் போன் போடுகிறேன். சிலேட்டை அழிக்கச் சொல்கிறேன். பட்டனையும் அழுத்தச் சொல்கிறேன். இடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

(வாசலுக்குப் போகிறார். எலிசா இரண்டு பேரை முன்னால் போகவிடுகிறார். லூர்து திரும்பி வருகிறார், ஒரு தினுசாக.)

எலிசா: என்ன ஆயிற்று?

லூர்து: நான் மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவேன் அல்லவா? அந்த நேரத்தில் பையன் உட்கார்ந்திருப்பான். உட்கார்ந்ததும் முதல் வேலையாகப் பட்டனை அழுத்திவிடுவானாம். நான் எழுந்து வருவதற்குள் ஒரு தடவை அணைத்துப் போட்டால் மறுபடி 20 காட்டுமாம். "அதனால்தானே அப்பா நாலு மணிக்கு அவ்வளவு கூட்டம்" என்கிறான். வெயில் தாழ்ந்து வருகிறார்கள் என்றல்லவா நினைத்தேன்! தெருவுக்கே தெரிந்திருக்கிறது. சாமியார் வீட்டுச் சமையல்காரரும் நாலு மணிக்குத்தான் வருவாராம்.

எலிசா: பாவம், நல்ல பிள்ளை. (அவசரமாக) வரிசை நகர்கிறது பார்.

லூர்து: அக்கா.

எலிசா: என்ன?

லூர்து: நீங்கள் எப்போது கடைக்கு வருவீர்கள்?

எலிசா: மார்க்கெட் முடிந்து... குளித்துவிட்டு...

லூர்து: நாலு மணிக்கு.

எலிசா: நாலு, நாலே கால்.

லூர்து: தெரிந்தேதான் 240 வாங்கினீர்கள்?

(எலிசா சுருக்குப் பையைத் திறக்கிறார். மெதுவாக.)

எலிசா: இந்தா.

லூர்து: இது 240. ஐந்தில் ஒரு பங்கு 48. மொத்தம் 288.

எலிசா: என்னிடம் சில்லறை இல்லை.

லூர்து: மீனாகக் கொடுங்கள். ஐஸ் இல்லாமல்.

எலிசா: சரி, நகரு. எனக்கு ஒன்று கூடிவிட்டது, நான் முதலில் போகிறேன்.